அப்பாவின் மடக்குக் கத்தி

என் அப்பாவிடம் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. மடக்கினால் என் நடுவிரல் நீளந்தான். ஒரே ஓர் அலகு. கறுப்புக் கொம்புப் பிடி. பிடியின் ஓரத்தில் ஓரிடம் உடைந்திருக்கும். கைபட்டுக் கைபட்டு அந்த உடைசல்கூட வழவழப்பாகிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே, தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு சம்பள நாளன்று கிள்ளானுக்கு வந்து வாங்கியதாம். என்ன விலை என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விலை சொல்வார்.

தோட்டத்தில் வளர்ந்த வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ஆண்கள் பலருடைய மடியில் ஒரு வெற்றிலைப் பையும், அதற்குள் இப்படி ஒரு பேனாக்கத்தியும் இருக்கும். பாக்குச் சீவ, கயிறு அறுக்க, காலில் தைத்த முள்ளை எடுக்க, கொய்யா நறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் லயத்தில் ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாதான் பென்சில் சீவிக் கொடுப்பார். 1992-இல் நான் ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினேன். தேர்வுக்கு முந்திய இரவு மண்ணெண்ணெய் விளக்கை அருகில் இழுத்து வைத்துக்கொண்டு, மூன்று பென்சில்களை ஒரே அளவாகச் சீவி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பென்சில் சீவும் பெட்டி எங்களிடம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அப்பா சீவினால் ஈயம் முறியாது.

முறியாததற்குக் காரணம் உண்டு. அவர் பால் வெட்டிய கை அது. மரத்தின் பட்டையைக் காசு கனத்துக்கு மட்டும் சீவ வேண்டும். கொஞ்சம் குறைந்தால் பால் இறங்காது. கொஞ்சம் கூடினால் கட்டையில் காயம் பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராமல் முண்டும் முடிச்சுமாகிவிடும். மண்டோர் வந்து மரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார். "பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலேதான் மரத்தோட உசிரு இருக்கு, அதைத் தொட்டுடாதே" என்று அப்பா புதிதாய் வெட்டுக்கு வருகிற பையன்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

2022-ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்த மறு வாரம், காலையில் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவின் இடக்கை தானாகத் தளர்ந்தது. குவளை கீழே விழுந்து உருண்டது. பக்கவாதம். பேச்சுக்கு ஒன்றும் வரவில்லை. வலக்கையும் வலக்காலும் பழையபடியே இருந்தன. இடப்பக்கந்தான் போயிற்று. மருத்துவமனையில் பதினோரு நாள். பிறகு வாரம் இருமுறை உடற்பயிற்சி. ஆறு மாதத்தில் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கலானார். இடக்கால் இவ்வளவு திரும்பி வந்ததே பெரிது என்றார்கள். இடக்கை வரவில்லை. மடியில் கிடத்தி வைத்தால் வைத்த இடத்திலேயே கிடக்கும்.

வெற்றிலை பாக்கை விடும்படி மருத்துவர் சொன்னார். பாக்கு வாய்ப்புற்றுக்குக் காரணமாகிறது என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. ஐம்பது வருடப் பழக்கத்தை அப்பா மறுபேச்சின்றி விட்டுவிட்டார். சுருட்டை விட்டார், கருவாட்டையும் விட்டார். கத்தியை மட்டும் விடவில்லை. வெற்றிலை இல்லாத பையில் அந்தக் கத்தி மட்டும் தனியாகக் கிடந்தது.

ஒரு நாள் பள்ளி முடிந்து வந்து பார்க்கிறேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கத்தியின் அலகைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு கொய்யாப் பழம். உதட்டோரத்தில் இரத்தம்.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பயந்தான் கோபமாக வந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அன்று அப்படித் தோன்றவில்லை. ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கினேன். "வெட்டிக் குடுக்க நாங்க இத்தனை பேரு இல்லையா? சின்னப் புள்ளை மாதிரி என்ன இது?" என்று சத்தம் போட்டேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை அதட்டும் அதே குரல். கத்தியைக் கொண்டுபோய் என் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். கொய்யாவைக் கழுவி, எட்டாக நறுக்கி, விதையை நீக்கி, தட்டில் வைத்து அப்பாவின் முன் நீட்டினேன். அவர் தொடவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்து வந்த நாட்களிலும் நான் நறுக்கி வைத்த பழம் அப்படியே காய்ந்தது. கேட்டால், "பசியில்லே தாயி" என்பார். வேறு பேச்சில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மாதான் சமையலறையில் மெதுவாகச் சொன்னார்: "குளிக்கிறதுக்கு ஆளு, வேட்டி கட்டிக்கிறதுக்கு ஆளு. ஒரு பழத்தைத் தானா வெட்டித் தின்னுக்கிட்டு இருந்தாரு. அதையும் நீ வாங்கி வச்சுக்கிட்டே."

நான் ஏதும் பதில் சொல்லவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் மடக்குக் கத்தி இருந்தால் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். அலகின் மேல் விளிம்பை ஒட்டிப் பிறை போல ஒரு சிறு பள்ளம் இருக்கும். அது நகம் வைப்பதற்கு. ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் கொடுத்து இழுக்க வேண்டும். பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை உள்ளே மறைந்திருக்கிறது. அதுதான் ஸ்பிரிங். அலகு மூடியிருக்கும்போது திறந்துவிடாமலும், திறந்திருக்கும்போது மடங்கிவிடாமலும் அது அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தத்தைத் தாண்டித்தான் நாம் இழுக்கிறோம். சட்டைப்பையில் கத்தி தானாகத் திறந்து தொடையைக் கிழிக்காமல் இருப்பது இந்த ஸ்பிரிங்கினால்தான். ஒரு கை மட்டும் உள்ளவருக்குப் பகையாக நிற்பதும் இதுவே.

அன்றிரவு எல்லாரும் தூங்கிய பிறகு, கத்தியை எடுத்துக்கொண்டு சமையலறை மேசைக்குப் போனேன். இடக்கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். ஒரு கையால் திறந்துதான் பார்ப்போமே என்ற எண்ணம். பிடியை உள்ளங்கையில் வைத்து அதே கையின் கட்டைவிரலால் தள்ளினேன், விரல் வழுக்கியது. முழங்கால்களுக்கிடையில் இடுக்கி இழுத்தேன், திறந்தது. ஆனால் அப்பாவின் இடக்கால் அப்படி அழுத்திப் பிடிக்காதே! அலகின் முதுகை இரு விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு பிடியை உதறினேன். வீட்டில் தூங்குகிறவர்களைப் பற்றி அப்போதுதான் நினைவு வந்தது. கத்தி சுவரில் மோதி விழுந்த சத்தம் அப்படி. மறுபடி நகத்தைக் கொடுத்துப் பார்த்ததில் நகம் பாதியில் மடிந்து பிய்ந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு கையும் நன்றாயிருக்கிற நானே இப்படி என்றால், அப்பா பல்லைக் கொண்டுபோனதில் என்ன வியப்பு?

இதற்கு வழி கிடைத்தது நான் எதிர்பார்க்காத இடத்தில்.

கை கால்களைப் பிடித்துவிடுவது நல்லது, ஆனால் அழுத்தமாக வேண்டாம் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் சம்மதித்திருந்தார். அதனால் ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கிள்ளானில் கொம்யூட்டர் ரயிலில் ஏற்றி, கே.எல். சென்ட்ரலில் இறக்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதையொட்டிப் பார்வையற்றவர்கள் பலர் அந்தப் பகுதியிலேயே குடியிருந்து தொழில் செய்கிறார்கள். நடைபாதையில் அவர்கள் காலால் தடவி நடப்பதற்கென்று புடைத்த மஞ்சள் கற்கள் பதித்திருக்கும். அங்கே உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் பல உண்டு. நாங்கள் போன இடத்தில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழர். பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம். பிறவியிலேயே பார்வை இல்லை.

அவர் அப்பாவின் இடக்கையைத் தூக்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். விரல் விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மரம் வெட்டின கையா ஐயா?" என்று கேட்டார். பல வாரமாக வாய் திறக்காத அப்பா, "முப்பத்தி ஓரு வருசம் தம்பி" என்றார். அப்புறம் இருவரும் தோட்டக் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று.

அந்நேரம் ஒரு பையன் துண்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். ராபியாக் கயிற்றால் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த அண்ணன் கட்டின் மேல் இடக்கையை ஓட்டி, முடிச்சைக் கண்டுபிடித்து, விரலை அங்கேயே வைத்துக்கொண்டார். வலக்கை சட்டைப்பைக்குள் போயிற்று. வெளியே வரும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம். கையில் திறந்த கத்தி. ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. அடுத்த கணம் கத்தி பையில்.

நான் அசந்துபோனேன். "ஒரு கையாலேயே திறந்தீங்களே அண்ணே?" என்றேன்.

"வேற எப்படித் திறக்கிறது டீச்சரம்மா?" என்று சிரித்தார். "எங்களுக்கு ஒரு கை பார்க்கணும், ஒரு கை வெட்டணும். பார்க்கிற கையை எடுத்துட்டா முடிச்சு எங்கேன்னு மறுபடி தேடணும். அதனாலே கத்தியைத் திறக்க எனக்கு எப்பவும் ஒரு கைதான்."

இரண்டு கையும் உள்ள ஒருவருக்கும் கத்தியைத் திறக்க ஒரு கைதான் மிஞ்சும் என்பதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அப்பா கையை நீட்டினார். "தம்பி, அதை இப்படிக் குடுங்க." வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அது வெளிநாட்டுக் கத்தி, யாரோ அன்பளிப்பாகக் கொடுத்ததாம். அலகில், பிடிக்குப் பக்கத்தில், ஒரு துளை. கட்டைவிரலின் சதை அந்தத் துளைக்குள் சிறிது அமுங்கும். அந்தப் பிடிமானத்தைக் கொண்டு அலகை அரைவட்டமாகத் தள்ள வேண்டும். அப்பாவுக்கு நான்காம் முறை வந்துவிட்டது. டிக். மூடக் கொடுத்தார், மறுபடி வாங்கினார், டிக். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதும்போது அதன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தது அவர் முகம்.

"இதே மாதிரி ஒன்னு வாங்கிக் குடுத்துடறேம்பா" என்றேன் மகிழ்ச்சியோடு.

அப்பா கத்தியை உரியவரிடம் கொடுத்தார். "எனக்குத்தான் கத்தி இருக்கே" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அது என் அலமாரியில் பூட்டியிருப்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து அப்பாவின் பையில் போட்டேன். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பையை மட்டும் அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அவரும் மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை சில உண்டு. எனக்கு இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். மருத்துவமும் தெரியாது, கத்தித் தொழிலும் தெரியாது. ஆனால் ஆசிரியர்களுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடாத குணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் பார்த்தது போன்ற வட்டத் துளையை அமெரிக்காவில் ஸ்பைடர்கோ என்ற நிறுவனம் 1981-இல் தன் கத்தியில் வைத்து விற்றது. சுவிட்சர்லாந்து தன் படைவீரர்களுக்கு 1891 முதல் மடக்குக் கத்தி கொடுத்து வருகிறது. 2008-இல் ஏற்ற புது வகையில்தான் அலகில் துளை வைத்து, ஒரு கையால் திறக்கும்படி செய்தார்கள். அதுவரை நூறு வருடத்துக்கு மேல், எல்லாருக்கும் எப்போதும் இரண்டு கையும் ஓய்வாயிருக்கும் என்று நினைத்திருந்தார்கள் போலும்.

இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் 1797-இல் ஒரு போரில் வலக்கையை இழந்தார். அதன்பின் அவர் சாப்பிடுவதற்கு, கத்தியும் முள்கரண்டியும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு கருவியை வைத்திருந்தார். இப்படி வளைந்த அலகை ஊஞ்சல் போல ஆட்டி வெட்டும் கத்திக்கு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம அரிவாள்மனைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். அரிவாள்மனையில் கத்தி அசைவதில்லை, காய்தான் அசைகிறது. பலகையைக் கால் அழுத்திக்கொள்கிறது. ஒரு கையாலும் காய் நறுக்கலாம். ஆனால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க அப்பாவால் முடியாதே.

தமிழாசிரியை என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பேனா என்பதே போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். இறகைச் சீவி எழுதிய காலத்தில் அதைச் சீவ வைத்திருந்த கத்திதான் பேனாக்கத்தி. நம்மவர்கள் ஓலையில் எழுதியதால் இறகும் வேண்டியிருக்கவில்லை, அதற்கொரு கத்தியும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் மடக்கெழுத்தாணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். மடக்கிப் பிடிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஓலை வாரும் கத்தியும் எழுதும் ஊசியும் ஒன்றாய் அமைந்த எழுத்தாணிகளும் இருந்தன. ஏடு எழுதுகிறவருக்கும் ஒரு கை ஓய்வில்லை. இடக்கை ஓலையைப் பிடித்திருக்கும். எழுத்தாணியைத் தாங்குவது அந்தக் கையின் கட்டைவிரல் நகம். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "அவங்களுக்கும் நகந்தானா?" என்று கேட்டுவிட்டுத் தம் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.

சரி, கத்திக்கு வருகிறேன். சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். பொத்தானை அழுத்தினால் அலகு தானே பாய்ந்து வெளியே வரும் கத்தி ஒன்றை எங்கிருந்தாவது வாங்கி வருகிறேன் என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். கொய்யா நறுக்க அப்படிப் பாய வேண்டியதில்லை. அதோடு, 1958-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் அபாயகர ஆயுதச் சட்டத்தின்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறைத் தண்டனை உண்டு. அப்பாவின் கத்தி அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அதைப் பழுதுபார்க்கக் கடைக்கு எடுத்துச் சென்ற அந்த ஒரு நாள் மட்டும், செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரரைக் கண்டபோதெல்லாம் திருடியைப் போல நடந்தேன்.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக்குப் பின்பக்கம், ஐந்தடியில் உட்கார்ந்து சாவி வெட்டிக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். சீனர், பேசுவது பாதி மலாய், பாதி தமிழ். அலகில் துளை போட முடியுமா என்றேன். கத்தியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பதமேற்றிய எஃகில் சாதாரணத் துளைப்பான் இறங்காதாம். சூடேற்றி இளக்கினால் துளை விழும், ஆனால் கூர் நிற்காதாம். கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, நடுவில் ரம்பத்தால் ஒரு பிளவு அறுத்து, அலகின் முதுகில் குதிரைமேல் சேணம் போல உட்கார வைத்து, பக்கத்தில் தலையில்லாத சிறு திருகாணியால் இறுக்கினார். கட்டைவிரல் தள்ளுவதற்கு ஒரு மொட்டுப் போல அது நீட்டிக்கொண்டிருந்தது. கத்தி மூடும்போதும் தடுக்கவில்லை. கத்திக்கும் ஒரு கீறல் இல்லை. எட்டு வெள்ளிதான் கேட்டார். பத்தைக் கொடுத்தேன்.

ஸ்பிரிங்கின் கெட்டித்தனத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் ஏற்கெனவே வழி சொல்லியிருந்தார். ஸ்பிரிங்கில் கை வைக்காதீங்க, அழுக்கை எடுங்க என்று. வெந்நீரில் கழுவி, பல் குத்தும் குச்சியால் இடுக்கைக் குடைந்தபோது எத்தனையோ வருடத்துப் பாக்குத் தூள் வந்தது! நன்றாகக் காயவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காயெண்ணெய் போடக் கூடாது. நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். பாதிக் கெட்டித்தனம் அதோடு போயிற்று.

பழக்கத்துக்கு முன் அலகின் வாயில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை இரண்டு சுற்று சுற்றினேன். அப்பா முகம் சுளித்தார். "இதுதான் என் ஒரே நிபந்தனை" என்றேன். ஒப்புக்கொண்டார். தினமும் மாலை ஐந்து மணிக்கு உட்காருவார். நான் எதிரில் மாணவர் ஏடுகளைத் திருத்துவதுபோல் இருப்பேன். பிடியின் பின்பாகம் உள்ளங்கையின் மேட்டில் ஊன்ற வேண்டும். நான்கு விரலும் பிடியின் பக்கங்களில் மட்டும் இருக்க வேண்டும், அலகு உள்ளே படியும் பிளவின்மேல் ஒரு விரல்கூட வரக்கூடாது. பிறகு கட்டைவிரல் மொட்டைத் தள்ள வேண்டும். முதல் வாரம் பாதி தூரம் வந்து நின்றது. அந்தப் பாதியில் விரல் தளர்ந்தால் அலகு திரும்ப அடித்து மூடிக்கொள்ளும். பிளாஸ்திரி இருந்ததால் பிழைத்தோம். ஒவ்வொரு முறை நழுவும்போதும் என் கை தானாக முன்னே போகும். பிறகு இழுத்துக்கொள்வேன். சிவப்புப் பேனாவைப் பிடித்த விரல்கள் வலிக்கும். ஓர் ஏட்டில் சரியான விடைக்குத் தவறுக் குறி போட்டு, மறுநாள் அந்தப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் வகுப்பில் ஒன்றைக் கவனித்தேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காலணிக் கயிறு அவிழ்ந்தால் நானே குனிந்து கட்டிவிடுவேன். நேரமாகிறதே என்று. கட்டிக்கொள்ளத் தெரிந்த பிள்ளைகளும் காலை நீட்டிக்கொண்டு நிற்கும். அவர்களுக்கு நான் எத்தனை வருடமாக இதைச் செய்து வருகிறேனோ!

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை, நான் ஏட்டிலேயே கண்ணாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தலை நிமிரவில்லை. மறுபடி கேட்டது. அப்பா ஏதும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா மட்டும், "என்னா அங்கே டிக்கு டிக்குன்னு?" என்று கேட்டார்.

திறப்பதைவிட மூடுவதுதான் ஆபத்து. இது பலருக்குத் தெரியாது. ஒரு கையால் மூடும்போது விரல்கள் பிளவுக்கு நேரே வந்துவிடும். அப்பா அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வழியைத் தாமே கண்டுபிடித்தார். அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து, பிடியை மெல்லக் கீழே அழுத்துவார். பாதி மடங்கியதும் நிறுத்தி, விரல்களை ஒதுக்கிக்கொண்டு, தொடையில் தட்டி முழுதும் மூடுவார். நம்மிடம் உள்ள மடக்குக் கத்திகளில் பல, திறந்த அலகைப் பூட்டி வைப்பவை அல்ல. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. ஆகவே நுனியால் குத்துவதற்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இதையும் அப்பாதான் எனக்குச் சொன்னார்.

பழம் உருளாமல் இருக்க ஒரு பலகை செய்தோம். கனமான பலகைத் துண்டில் அடியிலிருந்து இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை மேலே வருமாறு அடித்து, பலகைக்குக் கீழே ஈரத் துணி விரித்துவிட்டால் போதும். கொய்யாவை ஆணியில் செருகிவிட்டு ஒரு கையால் நறுக்கலாம். கை விளங்காதவர்களுக்கு மருத்துவமனைகளில் அன்றாட வேலைகளைப் பழக்கும் பிரிவில் இத்தகைய பலகைகளைக் காட்டுவார்கள். வீட்டில் இப்படி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு முதலிலேயே கேட்கத் தோன்றவில்லை.

பிளாஸ்திரியை எடுத்த அன்று அப்பா கொய்யாவை நான்காக நறுக்கினார். விதையை எடுக்கவில்லை. ஒரு துண்டை எனக்கு நீட்டினார். விதையோடு தின்றேன்.

இடக்கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. அது திரும்பி வரும் என்று இப்போது யாரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு மாதம் ஒரு முறை போகிறோம். அங்கே கை பிடித்துவிடுவது கொஞ்சம், தோட்டக் கதை அதிகம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. என் கடைக்குட்டிக்கு ஒன்பது வயது. அவள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போய் நின்றாள். "தாத்தா, சீவிக் குடுங்க" என்றாள். அவளுடைய பெட்டியில் பென்சில் சீவி இரண்டு இருக்கின்றன. அப்பா கத்தியை எடுத்தார். டிக். பிறகு பென்சிலைப் பார்த்தார், மடியில் கிடந்த கையைப் பார்த்தார். கொய்யாவைப் போல அதை ஆணியில் செருக முடியாதே. நான் எழுந்துவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தேன்.

"இப்படி வா" என்றார் அப்பா. அவளைத் தம் இடப்பக்கம் நிற்க வைத்தார். பென்சிலின் பின் முனையை அவள் தன் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டாள். கூர் வெளிப்பக்கம் நீட்டியிருந்தது. "கையை அசைக்காதே. நான் அந்தப் பக்கந்தான் சீவுவேன், உன் பக்கம் வரமாட்டேன்" என்றார். பால் மரத்தில் முதல் வெட்டுப் போடுவதுபோல அலகைச் சாய்த்து வைத்தார். மெல்லிய சுருளாக மரம் சீவி விழுந்தது. பென்சிலைத் திருப்பு என்பார், அவள் திருப்புவாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். நானுந்தான்.

முனை சற்றுக் கோணலாகத்தான் வந்தது. அப்பா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை சீவினா சரியாயிடும்" என்றார். அவள் கொடுக்கவில்லை. மறுநாள் அதைத்தான் பள்ளிக்குக் கொண்டுபோனாள்.